கோடையில் தீவுக் கடற்கரைக்குச் செல்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தீவுக்குப் போவதும் அங்கிருந்து திரும்புவதும் கடலின் இசைவைப் பொறுத்தவை. நிலவழிப் பயணத்தில் ஒரு வண்டி தவறினால் அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். மறந்துவிட்ட மருந்தை அடுத்த ஊரில் வாங்கிக்கொள்ளலாம். சிறிய தீவு ஒன்றிலோ, காற்று பலமாக வீசும் நாளில் படகு ஓடாது. மருந்துக்கடை ஒன்றே ஒன்று இருக்கும். நீங்கள் தேடும் மருந்து அதில் இல்லையென்றால் அடுத்த சரக்குப் படகு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே, தங்கும் அறையின் படங்களைப் பார்த்துத் திட்டத்தைத் தொடங்காமல், காற்று, ஓதம் (கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது), படகு ஆகிய மூன்றையும் பார்த்துத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கீழுள்ள படிகள் செய்ய வேண்டிய வரிசையிலேயே அமைந்துள்ளன; முதல் இரண்டையும் முடிக்கும் முன் எதற்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.

முதல் படி: பருவத்தைத் தீவின் கணக்கில் பாருங்கள்

உங்களுடைய கோடை விடுமுறையும் தீவின் நல்ல பருவமும் ஒன்றாக அமையும் என்று எதிர்பார்க்க முடியாது. மாலத்தீவில் ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். மழையும் அலையும் கூடுதலாக இருக்கும். தாய்லாந்தில் மேற்குப் பக்கம், அந்தமான் கடலை ஒட்டியுள்ள புக்கெட் தீவு அதே மாதங்களில் மழையில் நனையும்போது, கிழக்குப் பக்கம் வளைகுடாவிலுள்ள சமுய் தீவுக்குக் கனமழை ஆண்டின் கடைசி மாதங்களில்தான் வருகிறது. ஒரே நாட்டில், ஒரே மாதத்தில், ஒரு கரை கொந்தளிக்க மறுகரை அமைதியாக இருக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கரீபியன் தீவுகளை நினைத்திருப்பவர்கள் அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீள்வதையும், அதன் உச்சம் செப்டம்பர் நடுப்பகுதியை ஒட்டி அமைவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மொரீஷியஸ், பிஜி போன்ற தீவுகள் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால், ஜூன், ஜூலை மாதங்கள் அங்கே குளிர்காலம். மழை குறைவு, ஆனால் கடல்நீர் நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு வெதுவெதுப்பாக இராது.

மழையை விடவும் காற்றையே நான் முதலில் பார்க்கச் சொல்வேன். கிரேக்கத்தின் ஏஜியன் கடல் தீவுகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழை அநேகமாகப் பெய்வதில்லை. ஆயினும் மெல்டெமி எனப்படும் வடக்குக் காற்று தெளிந்த வானத்தின் கீழேயே நாள்கணக்கில் பலமாக வீசி, படகுகளைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவதுண்டு. வானிலை முன்னறிவிப்பில் சூரியன் படத்தை மட்டும் பார்த்துவிட்டுச் செல்பவர்களுக்கு இது புரியாத புதிராக இருக்கும். மழை எவ்வளவு என்பதோடு, காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வீசுகிறது, அலை எவ்வளவு உயரம் என்பவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கத்தைப் புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள்.

மலையுள்ள தீவுகளில் இன்னொரு நுட்பம் உண்டு. காற்றை எதிர்கொள்ளும் பக்கத்தில் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுந்து மழையாகப் பொழிகிறது, மறுபக்கம் வறண்டிருக்கிறது. ஹவாய்ப் பெருந்தீவின் கிழக்கிலுள்ள ஹீலோ பசுமையும் மழையுமாக இருக்க, மேற்கிலுள்ள கோனாப் பகுதி வெயிலில் காய்வது இதனால்தான். தங்குமிடம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்தபிறகே முடிவு செய்யுங்கள். அலையும் இப்படித்தான்: ஹவாயின் வடகரைகளில் குளிர்காலத்தில் மலைபோல் எழும் அலைகள் கோடையில் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன, அதே கோடையில் தென்கரைகளுக்கு அலை வருகிறது.

இரண்டாம் படி: படகையும் மறுநாளையும் திட்டமிடுங்கள்

தீவுப் பயணங்களில் நிகழும் பெரிய இழப்பு பெரும்பாலும் கடைசி நாளில்தான் நிகழ்கிறது. காலையில் படகு, மாலையில் விமானம் என்று கணக்கிட்டு வைத்திருப்பார்கள், காலையில் காற்று எழும், படகு நிற்கும், விமானம் போய்விடும். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை விமான நிலையம் இருக்கும் ஊரிலேயே கழிப்பதுதான் இதற்கு ஒரே நம்பகமான தீர்வு. கடற்கரையில் ஒரு நாளை இழக்கிறோமே என்று தோன்றும். ஆயினும் இந்த ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

படகு, விமானம் இரண்டையும் தனித்தனிச் சீட்டுகளாக வாங்கினால், ஒன்று தாமதமானதற்கு மற்றொன்றின் நிறுவனம் பொறுப்பேற்காது. சென்றடையும் நேரத்தையும் கவனியுங்கள். மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கின்றன. பிற்பகலுக்குப் பின் தலைநகரில் இறங்குபவர்கள் அன்றே தொலைதூரத் தீவுக்குச் சென்றுசேர முடியாமல் ஓர் இரவு தங்க நேரிடும். சிறிய விமானங்களில் பெட்டியின் எடை வரம்பும் பெரிய விமானங்களைவிடக் குறைவு.

நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் காலைப் படகையே தேர்ந்தெடுங்கள். பகல் ஏற ஏற நிலம் கடலைவிட விரைவாகச் சூடாவதால் கடற்காற்று வலுக்கிறது. பிற்பகலில் அலையும் குலுக்கலும் கூடுகின்றன. கடல் பயணத்தில் குமட்டல் வருபவர்கள் படகின் நடுப்பகுதியில், நீர்மட்டத்துக்கு அருகில் அமர்ந்தால் ஆட்டம் குறைவாக இருக்கும். கண்ணைத் தொடுவானத்தில் நிறுத்துங்கள், கைபேசியைப் பார்க்காதீர்கள். குமட்டல் மாத்திரையைப் படகு புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். வாந்தி தொடங்கியபின் விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்காது. ஏறியவுடன் உயிர்காப்புச் சட்டைகள் எங்கே இருக்கின்றன, குழந்தைகளுக்கான அளவு இருக்கிறதா என்று பாருங்கள். ஆள் நிரம்பி வழியும் படகில் ஏறாமல் அடுத்த படகுக்குக் காத்திருப்பதில் கூச்சம் எதுவும் வேண்டாம்.

மூன்றாம் படி: ஆவணம், காப்பீடு, பணம்

பல நாடுகள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதங்களுக்காவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டையும், திரும்பிச் செல்வதற்கான பயணச்சீட்டையும் கேட்கின்றன. இவற்றின் நகலைக் கைபேசியில் மட்டுமின்றிக் காகிதத்திலும் வைத்திருங்கள்.

காப்பீட்டில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். அவசர நிலையில் தீவிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் படகிலோ ஹெலிகாப்டரிலோ கொண்டுசெல்லும் செலவு அடங்குமா? ஸ்கூபா நீச்சல் (காற்றுக் கலனைச் சுமந்து ஆழத்தில் மூழ்குவது) போன்ற நீர் விளையாட்டுகள் அடங்குமா? வானிலையால் பயணம் ரத்தானால் இழப்பீடு உண்டா? புயலுக்குப் பெயர் வைக்கப்பட்ட பின் வாங்கும் காப்பீடு பொதுவாக அந்தப் புயலுக்குப் பொருந்தாது என்பதால், சீட்டு வாங்கும் நாளிலேயே காப்பீட்டையும் வாங்குவது நல்லது. தீவுகளில் பலர் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிறார்கள். இருசக்கர வாகன உரிமம் இல்லாமலோ தலைக்கவசம் அணியாமலோ ஓட்டி விழுந்தால், காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட இடமுண்டு. மணல் படிந்த வளைவுகளில் சக்கரம் எளிதில் வழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சிறிய தீவுகளில் பண இயந்திரம் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்; இருந்தாலும் இணைப்பு அறுந்த நாளில் பயன்படாது. தங்கும் நாள்களுக்கு வேண்டிய பணத்தைச் சிறு நோட்டுகளாக, இரண்டு இடங்களில் பிரித்து, நீர் புகாத உறையில் கொண்டுசெல்லுங்கள்.

நான்காம் படி: பெட்டி

உடைகளைக் குறைத்து, மருந்தையும் வெயில் காப்பையும் கூட்டுவதே தீவுப் பெட்டியின் இலக்கணம். நீண்ட கை வைத்த நீச்சல் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி, நீரில் அணியும் ரப்பர் அடிக்காலணி, வாய் சுருட்டி மூடும் நீர் புகாப் பை, சொந்த நீச்சல் கண்ணாடி, தலைவிளக்கு ஆகியவை கட்டாயம். அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்து, மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி தீவுக்கு ஒரு நாள் தாமதமாக வந்துசேர்வது அரிதன்று.

பவர் பேங்கைக் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் அனுமதி இல்லை. விமானங்களில் பொதுவான வரம்பு 100 வாட் மணி. 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று குறிக்கப்பட்ட பவர் பேங்க் சுமார் 74 வாட் மணிதான் என்பதால் அது சிக்கலின்றிச் செல்லும். நீர் புகாதது என்று விற்கப்படும் கைபேசிகள் நன்னீரில் சோதிக்கப்பட்டவை. உப்புநீர் அவற்றின் மின்னேற்றத் துளையை அரித்துவிடும். உறையில்லாமல் கடலுக்குள் கொண்டுபோக வேண்டாம். தீவின் வரைபடம், படகு நேரம், தங்குமிடத்தின் முகவரி ஆகியவற்றை இணைப்பு இல்லாமலும் திறக்கும்படி முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வெயில்

கடற்கரையில் வெயிலின் கடுமையை உடல் உணர்வதில்லை. காற்று வீசுகிறது, நீர் குளிர்விக்கிறது, தோலோ அமைதியாக எரிந்துகொண்டிருக்கிறது. சூட்டைத் தருவது ஒரு கதிர், தோலை எரிப்பது மற்றொரு கதிர் என்பதே இதற்குக் காரணம். புற ஊதாக் கதிர் சூடாகத் தோன்றாது. மெல்லிய மேகத்தை அது பெரும்பாலும் ஊடுருவிவிடும். உலர்ந்த மணல் அதில் சுமார் 15 விழுக்காட்டையும், கடல் நுரை சுமார் 25 விழுக்காட்டையும் திருப்பி எறிகின்றன. நீரில் அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பிலுள்ள கதிரில் ஏறக்குறைய 40 விழுக்காடு எஞ்சியிருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. குடையின் கீழ் உட்கார்ந்தவரும், நீருக்குள் இருந்தவரும் மாலையில் சிவந்து எழுவது இதனால்தான்.

அன்றைய புற ஊதாக் குறியீட்டைக் காலையில் பாருங்கள். 3 முதல் காப்பு தேவை. 8-க்கு மேல் நடுப்பகலில் வெளியே இருப்பதையே தவிர்க்க வேண்டும். 11-க்கு மேல் மிகக் கடுமை. வெப்ப மண்டலத் தீவுகளில் கோடை நண்பகலில் 11-ஐத் தாண்டுவது இயல்பான செய்தி. குறியீடு கிடைக்காத இடத்தில் உங்கள் நிழலைப் பாருங்கள்: நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் வலுவாக இருக்கிறது என்று பொருள்.

வெயில் காப்புப் பூச்சான சன்ஸ்கிரீனில் அதன் காப்புத் திறனைக் குறிக்கும் எண்ணான எஸ்.பி.எஃப். 30 என்பது தோலை எரிக்கும் கதிரில் சுமார் 97 விழுக்காட்டையும், 50 என்பது சுமார் 98 விழுக்காட்டையும் தடுக்கிறது. ஆகவே எண்ணைக் கூட்டுவதைவிட அளவைக் கூட்டுவதுதான் முக்கியம். வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதற்கும் ஒரு முறைக்கு 30 மில்லி லிட்டர் அளவு வேண்டும். பெரும்பாலோர் அதில் பாதியைக்கூடப் பூசுவதில்லை. வெளியே செல்வதற்குக் கால் மணி நேரம் முன்பும், பின்னர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், நீரிலிருந்து வந்து துடைத்த ஒவ்வொரு முறையும் பூச வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை என்று வைத்தால் ஒருவருக்கு 90 மில்லி லிட்டர். 200 மில்லி லிட்டர் புட்டி ஒருவருக்கு இரண்டு நாள்தான் வரும். நீண்ட கைச் சட்டை அணிந்தால் தேவை கணிசமாகக் குறைகிறது. எனவே பூச்சை விடத் துணியையே நான் முதன்மைக் காப்பாகக் கருதுகிறேன். மறந்துபோகும் இடங்கள்: காதுமடல், பிடரி, பாதத்தின் மேற்புறம், உதடு, தலைமுடியின் வகிடு, கவிழ்ந்து மிதந்தபடி மீன்களைப் பார்ப்பவர்களுக்கு முழங்காலின் பின்புறம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையைப் பூச்சை நம்பி வெயிலில் வைக்காமல் நிழலிலேயே வைத்திருக்க வேண்டும்.

சன்ஸ்கிரீனை வாங்கும் முன் அதன் பட்டியலையும் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் ஆகிய வேதிப்பொருள்கள் பவளத்துக்குத் தீங்கு செய்பவை என்ற கவலையால், ஹவாயில் இவை கலந்த பூச்சுகளை விற்பது 2021 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது. பலாவ் நாடு 2020 ஜனவரி முதலே இவை உள்ளிட்ட பல பொருள்கள் கலந்த பூச்சுகளைத் தடைசெய்துள்ளது. துத்தநாக ஆக்ஸைடையோ டைட்டானியம் டை ஆக்ஸைடையோ அடிப்படையாகக் கொண்ட பூச்சு பாதுகாப்பான தேர்வு.

ஒருவர் வெயிலில் குழப்பமாகப் பேசத் தொடங்கினாலோ, தள்ளாடினாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ அது வெப்ப வாதமாக இருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து. உதவிக்கு ஆளனுப்பிவிட்டு, நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். தெளிவான நினைவில்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது.

ஆறாம் படி: கடலில் இறங்குவதற்கு முன் பத்து நிமிடம்

எந்தக் கடற்கரைக்குச் சென்றாலும், துணியை மாற்றுவதற்கு முன் சற்று உயரமான இடத்தில் நின்று பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். அலைகள் எங்கே உடைகின்றன, எங்கே உடையாமல் இருக்கின்றன என்று கவனியுங்கள். இருபுறமும் வெள்ளை நுரை எழ, நடுவில் மட்டும் அலை உடையாமல், நீர் கருமையாய், அமைதியாய்த் தோன்றும் ஒரு சந்து இருந்தால், அங்கேதான் இறங்க வேண்டும் என்று மனம் சொல்லும். அங்கே இறங்கக் கூடாது. கரையில் வந்து குவிந்த நீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. அதற்கு இழுப்பு நீரோட்டம் என்று பெயர். அதன் வேகம் சில வேளைகளில் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து நீந்திவர முடியாது.

அதில் சிக்கியவர் செய்ய வேண்டியது எளிது, ஆனால் பதற்றத்தில் நினைவுக்கு வராது. ஆகவே குழந்தைகளோடு சேர்ந்து கரையிலேயே சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். இழுப்பு ஆளை வெளியே கொண்டுபோகும், அடியில் அமிழ்த்தாது. கரையை நோக்கி எதிர்த்து நீந்த வேண்டாம். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். கையை உயர்த்தி உதவி கேளுங்கள். முடியுமானால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு தளர்ந்த இடத்திலிருந்து அலைகள் உடையும் பக்கமாகச் சாய்வாகக் கரை திரும்புங்கள். கரையில் நிற்பவர் காப்பாற்றக் குதிப்பதால் இருவர் மூழ்கிய துயரங்கள் பல உண்டு. மிதக்கும் பொருள் ஒன்றை எறிந்துவிட்டு உயிர்காப்பாளரை அழையுங்கள்.

உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையில் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகளுக்கு இடையே மட்டும் குளியுங்கள். சிவப்புக் கொடி பேராபத்து. இரட்டைச் சிவப்பு நீரில் இறங்கத் தடை. ஊதாக் கொடி கொட்டும் கடலுயிர்களுக்கான எச்சரிக்கை. நாட்டுக்கு நாடு சிறு வேறுபாடுகள் உண்டு என்பதால் கடற்கரைப் பலகையைப் படித்துவிடுங்கள்.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் நீர் கண்ணாடிபோல் கிடக்கும். காற்றடைத்த மெத்தை, மிதவை வளையம் ஆகியவற்றுக்கு அந்த நாள்தான் மிகவும் ஆபத்தானது. சில நிமிடங்களில் குழந்தையோடு வெகுதூரம் போய்விடும். நீரில் மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கையசைப்பதுமில்லை. வாய் நீர்மட்டத்தில் ஏறியிறங்க, ஓசையின்றி மூழ்கிப்போவார். சிறு குழந்தை நீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில், கைபேசி இல்லாமல் நிற்க வேண்டும். மது அருந்தியவர் கடலில் இறங்கக் கூடாது.

ஓதத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கடற்கரைகளில் தாழ் ஓதத்துக்கும் உயர் ஓதத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்ற இறக்கம் மிகுதி. நீர் ஒரே சீராக ஏறுவதில்லை: முதல் மணியில் மெல்லத் தொடங்கி, மூன்றாம் நான்காம் மணிகளில் மட்டும் மொத்த உயரத்தில் பாதியை எட்டிவிடும். தாழ் ஓதத்தில் தோன்றும் மணல்திட்டு வழியாக அடுத்த திட்டுக்கு நடந்து செல்பவர்கள் திரும்பும் வழியை இழப்பது இப்படித்தான். நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே சென்று, மிகத் தாழ்ந்த நேரம் வருவதற்குள் திரும்பத் தொடங்குங்கள்.

ஸ்நார்கெல்லிங் (மூச்சுக்குழாயோடு கவிழ்ந்து மிதந்து கடலடியைப் பார்ப்பது) முகக்கண்ணாடியை வாடகைக்கு எடுக்கும்போது, பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளிழுத்துப் பாருங்கள். கையை விட்டபின்பும் ஒட்டி நின்றால் அது உங்களுக்குப் பொருந்தும். தனியாகப் போகாதீர்கள். முதலில் நீரோட்டத்தை எதிர்த்து நீந்துங்கள். களைத்துத் திரும்பும்போது அது உங்களைக் கரைக்குக் கொண்டுவரும்.

ஏழாம் படி: கடலுயிர்களும் காயங்களும்

மணலில் புதைந்திருக்கும் திருக்கை மீனை மிதிக்காமலிருக்க, ஆழமற்ற நீரில் பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடக்க வேண்டும். அதிர்வை உணர்ந்து அது விலகிவிடும். திருக்கையோ கல்மீனோ குத்திவிட்டால், அவற்றின் நஞ்சு வெப்பத்தில் சிதைவது என்பதால், பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில் காயத்தை 30 முதல் 90 நிமிடம் வைத்துக்கொண்டு மருத்துவ உதவி தேடுங்கள். சூட்டை அடிபடாத கையால் சோதியுங்கள். வலியில் இருக்கும் கால் கொப்புளிப்பதை உணராது.

ஜெல்லி மீன் கொட்டினால் மணலால் தேய்ப்பதும், நன்னீர் ஊற்றுவதும், சிறுநீர் ஊற்றுவதும் தீமையே. தோலில் ஒட்டிய கொட்டணுக்கள் மேலும் வெடிக்கும். கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுங்கள். வெப்ப மண்டலக் கடலின் பெட்டி ஜெல்லி மீனுக்கு வினிகரை அரை நிமிடமாவது ஊற்ற வேண்டும்; நீலக் குப்பி எனப்படும் மிதவை உயிருக்கு வினிகர் பொருந்தாது என்று ஆஸ்திரேலிய முதலுதவி நெறிகள் கூறுகின்றன, வெந்நீரையே அவை பரிந்துரைக்கின்றன. எந்த உயிர் அந்தக் கரையில் வருகிறது என்பதை உயிர்காப்பாளரிடம் முதல் நாளே கேட்டுவையுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் நேரத்தை வீணாக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இந்தோ பசிபிக் கடற்கரைகளில் கண்ணைப் பறிக்கும் கூம்புச் சங்கைக் கையில் எடுக்க வேண்டாம். உள்ளே உயிர் இருந்தால் அதன் கொட்டு மரணத்தை விளைவிக்கக்கூடும். பவளம் கீறிய காயம் சிறிதாகத் தோன்றினாலும் எளிதில் சீழ்ப்பிடிக்கும். சுத்தமான நீராலும் சோப்பாலும் நன்றாகத் தேய்த்துக் கழுவி மருந்திடுங்கள்.

எட்டாம் படி: குடிநீர், உணவு, கொசு

தாழ்ந்த பவளத் தீவுகளில் ஆறு கிடையாது. மழைநீர் நிலத்தினுள் இறங்கி, உப்புநீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்பதுதான் அங்குள்ள நிலத்தடி நீர். மற்றது கடல்நீரை நன்னீராக்கும் ஆலையிலிருந்து வருவது. 2014 டிசம்பரில் மாலத்தீவின் தலைநகரான மாலேயின் நன்னீராக்கும் ஆலையில் தீப்பிடித்தபோது, தலைநகர் முழுவதும் குழாய் நீரின்றித் தவித்து, அண்டை நாடுகள் விமானத்திலும் கப்பலிலும் குடிநீர் அனுப்ப நேர்ந்தது. தீவில் ஒரு வாளி நீர் எவ்வளவு அருமையானது என்பதை அறிய இந்த ஒரு நிகழ்ச்சி போதும். குளியலைச் சுருக்குங்கள், நாள்தோறும் துண்டு மாற்றித்தரக் கேட்காதீர்கள், குழாய் நீர் குடிக்கத் தக்கதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் பெட்டியில் இருக்கட்டும். தீர்ந்துவிட்டால், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தட்டையாக அளந்து கலந்து குடிக்கலாம். பவளப்பாறைகளில் வாழும் பெரிய இரைகொல்லி மீன்களில், குறிப்பாகச் சீலா போன்றவற்றில், சிகுவாடெரா என்னும் நஞ்சு சேர்ந்திருக்கக்கூடும். சமைப்பதாலோ உறைய வைப்பதாலோ அது அழியாது. மீனின் சுவையும் மாறாது. எந்த மீனைத் தவிர்க்க வேண்டும் என்பதை அந்தக் கரையின் மீனவர்களே நன்கு அறிவார்கள், அவர்களைக் கேளுங்கள்.

டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும். முதலில் சன்ஸ்கிரீன், அது உலர்ந்தபின் கொசு விரட்டி என்பதே சரியான வரிசை. காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் ஆகியவற்றைத் தவிர்த்துப் பாராசிட்டமால் மட்டும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: தங்கும் இடத்தில் முதல் மாலை

அறைக்குச் சென்றதும் கடலைப் பார்க்கும் ஆவலை ஓர் அரை மணி நேரம் அடக்கிக்கொண்டு, மேட்டு நிலத்துக்குச் செல்லும் வழியை நடந்து பாருங்கள். சுமத்ரா அருகேயுள்ள சிமெலுவே தீவில் 1907-இல் பேரலை தாக்கியபின், நிலம் பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓட வேண்டும் என்பதை ஸ்மோங் என்ற ஒற்றைச் சொல்லில் பொதிந்து பாட்டிகளும் தாத்தாக்களும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் சுனாமியில் இறந்தோர் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. நெடுநேரம் நீடிக்கும் அதிர்வு, திடீரென உள்வாங்கும் கடல், கடலிலிருந்து எழும் பேரிரைச்சல் ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும், எச்சரிக்கை அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குச் செல்லுங்கள். முதல் அலையே பெரியதாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். அலைகள் பல மணி நேரம் தொடரும்.

அதே மாலையில் குடும்பத்தார் அனைவரும் பிரிந்துபோனால் கூடும் இடத்தை முடிவு செய்யுங்கள். மருத்துவர் இருக்கும் இடம், கடைசிப் படகின் நேரம், அவசர எண் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.

கடற்கரையில் ஆமைகள் முட்டையிடும் பருவமா என்றும் கேளுங்கள். அப்படியானால் இரவில் கடலை நோக்கிய விளக்கை அணைத்துவிட வேண்டும். வெளிச்சத்தைக் கண்டு குஞ்சுகள் கடலுக்குப் பதிலாக நிலத்தை நோக்கி ஊர்ந்து மடிகின்றன. பவளத்தின்மேல் நிற்பதோ தொடுவதோ கூடாது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே வளரும் பவள வகைகளும் உண்டு, ஒரு மிதியில் உடைவது ஒரு மனிதரின் ஆயுட்காலத்தில் திரும்ப வளராது. மணலையும் சிப்பியையும் நினைவுப் பொருளாக அள்ளிவருவதைத் தவிருங்கள். இத்தாலியின் சார்டினியா தீவில் அது அபராதத்துக்குரிய குற்றம். பவளத்தை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கொண்டுசெல்வதைப் பன்னாட்டு உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது.

கடைசிப் படி: திரும்புதல்

ஸ்கூபா முழுக்குப் போட்டவர்களின் உடலில் நைட்ரஜன் கரைந்திருக்கும். உயரே செல்லும்போது அது குமிழிகளாகப் பிரிந்து மூட்டையும் நரம்பையும் தாக்கக்கூடும். ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறையோ பல நாள்களோ மூழ்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும். முழுமையாக ஒரு நாள் விடுவது இன்னும் நல்லது. முழுக்குகளை முதல் நாள்களில் முடித்துவிட்டுக் கடைசி நாளைக் கரையில் கழிக்கும்படி திட்டமிடுங்கள். தீவின் நடுவே உயர்ந்த மலை இருந்தால், மலைச்சாலைப் பயணத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புறப்படும் முந்தைய மாலையில் காற்றின் முன்னறிவிப்பை மறுபடியும் பாருங்கள். மறுநாள் காற்று வலுக்கும் என்று தெரிந்தால், அன்றைய கடைசிப் படகிலேயே ஏறிவிடுங்கள். முகக்கண்ணாடியையும் காலணியையும் நன்னீரில் சிக்கனமாக அலசி நிழலில் உலர்த்துங்கள். பை, துண்டு, குழந்தைகளின் சட்டைப்பை ஆகியவற்றை உதறி, ஒட்டிவந்த மணலைக் கடற்கரையிலேயே விட்டுவிட்டுப் படகுத்துறைக்கு அரை மணி நேரம் முன்னதாகச் சென்றுசேருங்கள்.